வரையறை எல்லாம் மனப்பாடம், ஆனால் கவிதையில் வரும்போது பிடிபடவில்லை: அமெரிக்க இலக்கியத் தாளுக்கு எப்படிப் படிப்பது?

புதுவயல் மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் புதுவயல், கல்லூரி காரைக்குடிப் பக்கம். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் வழியில் படித்தவள். இந்தப் பருவத்தில் அமெரிக்க இலக்கியம் ஒரு தாள் இருக்கிறது. முதல் வகுப்பிலேயே எங்கள் மேடம் இலக்கியச் சொற்கள் என்று நான்கு பக்கம் ஜெராக்ஸ் கொடுத்துவிட்டார்கள். மெட்டஃபர், சிமிலி, பெர்சானிஃபிகேஷன், ஐரனி, சிம்பல், அல்யூஷன், அனஃபோரா, அப்பாஸ்ட்ரஃபி என்று நாற்பதுக்கு மேல் இருக்கும். காலையில் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்து, இரண்டு வாரத்தில் எல்லாவற்றுக்கும் வரையறை சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

போன வாரம் உள்தேர்வு. வரையறை கேட்ட பகுதியில் முழு மதிப்பெண். அடுத்த பகுதியில் எமிலி டிக்கின்சன் எழுதிய ஒரு கவிதையைக் கொடுத்து, இதில் உள்ள மூன்று உத்திகளைக் காட்டி விளக்கு என்று கேட்டிருந்தார்கள். மரணம் வண்டியை நிறுத்தி ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போகிற கவிதை. நான் ரைம், அலிட்டரேஷன் இரண்டையும் எழுதிவிட்டு மூன்றாவது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். வகுப்பில் எல்லோரும் எழுதிய விடை பெர்சானிஃபிகேஷன், அதாவது மனிதன் அல்லாத ஒன்றை மனிதனாக்கிக் காட்டுவது. எனக்கு அதன் வரையறை தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்தக் கவிதையில் அது என் கண்ணில் படவே இல்லை.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். எனக்கு மரணம் என்றாலே எமன்தான். எருமை மேல் வருவான், கையில் கயிறு இருக்கும். என் அப்பத்தா எமனைப் பற்றிப் பக்கத்து வீட்டு ஆளைப் பேசுவது போலப் பேசும். அதனால் மரணம் வண்டியில் வந்தது என்று படித்தபோது, சரி வந்திருக்கிறது என்று மேலே போய்விட்டேன். அது ஓர் உத்தி என்றே தோன்றவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். ஐரனி என்றால் நினைத்ததற்கு எதிராக நடப்பது என்று எழுதி வைத்திருக்கிறேன். அப்படியென்றால் மழை வரும் என்று நினைத்து வெயில் அடித்தால் அதுவும் ஐரனியா? அப்புறம் சிம்பலுக்கும் மெட்டஃபருக்கும் என்ன வித்தியாசம் என்று மூன்று புத்தகத்தில் பார்த்துவிட்டேன், மூன்றும் மூன்று மாதிரி இருக்கிறது.

தமிழில் படித்த அணிகளோடு சேர்த்துப் படித்தால் மனதில் நிற்கும் என்று நினைக்கிறேன். ஆனால் என் தோழி, தமிழைக் கலக்காதே, குழம்பிப் போவாய் என்கிறாள். எது சரி? அடுத்த தேர்வு 3 வாரத்தில் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தேவகோட்டை வாத்தியார்:

ஆத்தா, 30 வருடத்துக்கு மேல் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். நீ எமனைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அதைத் தப்பு என்று எண்ணி மறந்துவிடாதே. அந்தக் கவிதைக்குள் போவதற்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது.

நமக்கு எமன் பழகிய ஆள். அப்படியானால் இந்தக் கவிதையில் வருகிறவர் நம் எமன்தானா என்று கொஞ்சம் நின்று பார். நம் எமன் எருமையில் வந்து கயிற்றை வீசுகிறவன், மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிக்கொண்டபோதும் வீசினான். டிக்கின்சனிடம் வருகிற மரணம் குதிரை வண்டியில் வருகிறது. அவளுக்கு நிற்க நேரமில்லை, அதனால் அவளுக்காகத் தானே அன்போடு வண்டியை நிறுத்துகிறது. ஏறிய பிறகும் அவசரம் இல்லாமல் மெதுவாக ஓட்டுகிறது. அதன் மரியாதையைப் பார்த்து அவள் தன் வேலையையும் ஓய்வையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் போகிறாள். பெண்ணை அழைத்துப் போக வந்த மாப்பிள்ளை நடந்துகொள்கிற மாதிரி இருக்கிறது இல்லையா? மரணம் மனிதனாக வந்திருக்கிறது என்று மட்டும் எழுதினால் பெயரைச் சொன்னதற்கான மதிப்பெண்தான் வரும். எப்படிப்பட்ட மனிதன், அப்படி வந்ததால் படிக்கிற நமக்கு என்ன ஆகிறது என்று எழுதினால்தான் விளக்கு என்ற சொல்லுக்குப் பதில் சொன்னதாக அர்த்தம். எமனைத் தெரிந்த நீ அதை மற்றவர்களைவிட நன்றாக எழுதுவாய், ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க உன்னிடம் இன்னொருவர் இருக்கிறார்.

அதே கவிதையில் இன்னும் கொஞ்ச தூரம் போ. வண்டி பள்ளிக்கூடத்தைக் கடக்கிறது, பிள்ளைகள் விளையாடுகிற நேரம். அப்புறம் விளைந்த வயலைக் கடக்கிறது. அப்புறம் மறைகிற சூரியனை. 'நாங்கள் கடந்தோம்' என்று மூன்று முறை ஒரே மாதிரி தொடங்குகிறாள். அதன் பெயர் அனஃபோரா. பெயர் கிடக்கட்டும், வாய்விட்டுப் படித்துப் பார், வண்டி ஒரே சீராகப் போகிற ஓட்டம் காதில் விழும். உடனே அடுத்த அடியில், இல்லை, சூரியன்தான் எங்களைக் கடந்தது என்று தன்னைத் திருத்திக்கொள்கிறாள். அந்த இடத்தில் குளிர் தொடங்குகிறது, உடம்பில் இருப்பதோ மெல்லிய துணி. கடைசியில் ஒரு வீட்டின் முன் வண்டி நிற்கிறது, அந்த வீடு தரை கொஞ்சம் வீங்கினது போல இருக்கிறது. கல்லறை என்ற சொல்லே இல்லை. வீடு என்கிறாள். அது மெட்டஃபர்.

உன் சங்கடம் எங்கே என்றால், பெயரைக் கையில் வைத்துக்கொண்டு கவிதைக்குள் தேடுகிறாய். நாற்பது சாவியை வைத்துக்கொண்டு பூட்டைத் தேடுகிற மாதிரி. முதலில் அந்த ஜெராக்ஸை மூடி வைத்துவிடு. ஒரு கவிதையை எடுத்து, இந்த வரியில் என்ன நடக்கிறது என்று தமிழிலேயே ஒரு வாக்கியம் எழுது. வயல் பார்க்கிறது. வீடு என்று சொல்லிக் குழியைக் காட்டுகிறாள். அதை எழுதின பிறகு ஜெராக்ஸைத் திறந்தால் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

இனி ஐரனி. மழை வரும் என்று நினைத்து வெயில் அடித்தால் ஏமாற்றம், அவ்வளவுதான். ஓ ஹென்றியின் கிறிஸ்துமஸ் பரிசுக் கதை தெரியும்தானே, 1905-ல் வந்தது. மனைவி தன் நீண்ட கூந்தலை வெட்டி விற்று, கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள். அவனோ அதே கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்கி வந்து நிற்கிறான். இதிலே ஒன்றை மட்டும் மாற்றிப் பார். காய்ச்சலில் அவள் முடி கொட்டிப்போய்விட்டது, அவனுக்கு அது தெரியாமல் சீப்பு வாங்கி வந்தான் என்று வைத்துக்கொள். மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் ஐரனி போய்விடும். அவரவர் அன்பால் செய்த காரியமே அடுத்தவர் பரிசைப் பயனில்லாமல் ஆக்குகிறது, அந்த முடிச்சுதான் ஐரனி. இது சம்பவத்தில் வருகிற வகை.

பேச்சில் வருவது இன்னொரு வகை. எட்கர் ஆலன் போ 1846-ல் எழுதிய ஒரு கதை, மது வைத்திருக்கிற நிலவறைக்கு நண்பனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவருக்குள் வைத்து உயிரோடு அடைக்கிறவன் கதை. போகிற வழியில் அவன் அந்த நண்பனின் நீண்ட ஆயுளுக்காக என்று சொல்லிக் குடிக்கிறான். நண்பன், இந்த இருமலால் நான் சாகமாட்டேன் என்கிறான், இவன் உண்மைதான் உண்மைதான் என்கிறான். சொல் ஒன்று, மனதில் இருப்பது ஒன்று. நமக்கு அவன் திட்டம் தெரிகிறது, நண்பனுக்குத் தெரியவில்லை, அதனால் மூன்றாவது வகையான நாடக ஐரனியும் அதே இடத்தில் சேர்ந்துகொள்கிறது. நம் பக்கத்தில் கோவலனை நினைத்துக்கொள். அரசியின் சிலம்பைத் திருடியவன் அந்தப் பொற்கொல்லன்தான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது, கோவலன் அவனை நம்பிக் காத்திருக்கிறான். படிக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்வது அதனால்தான்.

சிம்பல் விஷயம். உங்கள் தெருவில் வயதான ஆச்சி யாராவது இடுப்பில் சாவிக்கொத்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பாய். அது நிஜமான சாவி, இரட்டைப் பூட்டுப் போட்ட அறையைத் திறக்கிற சாவி. ஆனால் அதை மருமகள் கையில் கொடுக்கிற அன்றைக்கு வீட்டில் எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பார்கள், ஏனென்றால் அங்கே கைமாறுவது அதிகாரமும்தான். பொருள் பொருளாகவே இருந்துகொண்டு இன்னொன்றையும் சுமக்கிறது, இது சிம்பல். 'இந்த வீட்டுக்கே அவள்தான் சாவி' என்று சொன்னால் அவள் சாவி கிடையாது, மனுஷி. அது மெட்டஃபர். ஹாதார்னின் 1850-ம் வருஷத்து நாவலில் அந்தப் பெண் மார்பில் தைத்திருக்கிற சிவப்பு எழுத்து நிஜமான துணி, நிஜமான நூல் வேலை. முதலில் ஊர் அதை அவமானமாகப் பார்க்கிறது. அவள் ஊருக்கு உழைக்க உழைக்க அதே எழுத்துக்கு வேறு அர்த்தம் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். சிம்பல் அப்படிக் கதையோடு வளரும்.

தமிழைக் கலக்கலாமா என்றால் என் பதில் கட்டாயம் கலக்கலாம். ஆனால் அதில் பள்ளம் உண்டு, இங்கே தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருந்தால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.


கானாடுகாத்தான்:

வாத்தியார் ஐயா சொன்னதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. தங்கச்சி, நானும் உன்னை மாதிரி தமிழ் வழியிலிருந்து போய் ஆங்கிலம் எடுத்தவன், இப்போது வேலை சிங்கப்பூரில். எனக்கு உதவிய ஒரு பயிற்சியை மட்டும் சொல்கிறேன். உத்தியை எடுத்துவிட்டு வரியைத் திரும்ப எழுதிப் பார், எது காணாமல் போகிறது என்று தெரியும்.

லாங்ஸ்டன் ஹியூஸ் 1951-ல் எழுதிய ஹார்லம் கவிதை உன் பாடத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். தள்ளிப்போட்ட கனவு என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு வரிசையாக உவமை சொல்கிறார். வெயிலில் கிடக்கிற திராட்சை போலக் காய்ந்துவிடுமா, புண் போலச் சீழ் வைக்குமா, கெட்டுப்போன இறைச்சி போல நாறுமா, பாகு போல மேலே ஏடு கட்டிக்கொள்ளுமா, பாரம் போலத் தொங்கிப்போகுமா. எல்லாவற்றிலும் 'போல' இருக்கிறது. கடைசி வரியில், இல்லை வெடித்துவிடுமா என்று கேட்கிறார், அங்கே 'போல' இல்லை. நான் அந்தக் கடைசி வரிக்கும் 'வெடிகுண்டு போல' என்று சேர்த்து எழுதிப் பார்த்தேன், கவிதை அப்படியே படுத்துவிட்டது. சிமிலிக்கும் மெட்டஃபருக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதுவரை 'போல' இருந்தால் இது, இல்லாவிட்டால் அது என்று மட்டும்தான் தெரியும். ஐந்து தடவை போல போல என்று ஒப்பிட்டுத் தள்ளி நின்றவர், ஆறாவது தடவை நேராகவே கேட்டுவிடுகிறார். அமெரிக்காவில் கறுப்பு மக்கள் எத்தனை தலைமுறையாகக் காத்திருந்தார்கள் என்று தெரிந்தால் அந்த வரி இன்னும் கனக்கும்.

வற்றலும் வடகமும் மொட்டைமாடியில் காயப்போட்ட வீட்டுப் பெண் நீ, காய்வதற்கும் கெடுவதற்கும் உள்ள வித்தியாசம் உனக்குத் தெரியும். அந்த ஐந்து உவமையும் ஒரே மாதிரியா, அல்லது ஒன்றிலிருந்து ஒன்று மோசமாகிறதா என்று யோசித்து எழுது.


தமிழாசிரியை, காரைக்குடி:

வணக்கம். வாத்தியார் ஐயா கூப்பிட்டதால் வருகிறேன். அம்மா, உன் தோழி சொன்னதிலும் ஓர் உண்மை இருக்கிறது. இந்த ஆங்கிலச் சொல்லுக்கு இந்தத் தமிழ் அணி என்று இரண்டு பத்தியில் எழுதி வைத்துக்கொண்டால் நிச்சயம் குழம்புவாய். எனக்குத் தெரிந்த பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிற இடத்தைச் சொல்கிறேன்.

பெர்சானிஃபிகேஷன் என்றால் தற்குறிப்பேற்ற அணி என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில் மேல் கொடி ஆடுகிறது. காற்றில் கொடி ஆடுவது இயல்பு. அது 'வாரல் என்பனபோல் மறித்துக் கைகாட்ட' என்கிறார் இளங்கோவடிகள். இங்கே கொடிக்குக் கை வந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அணியின் உயிர் கையில் இல்லை. தானாக நடக்கிற ஒன்றுக்குப் புலவர் தன் மனதில் உள்ள காரணத்தை ஏற்றுகிறாரே, அதில் இருக்கிறது. பெயரிலேயே அது இருக்கிறது, தன் குறிப்பை ஏற்றுவது. டிக்கின்சனின் வண்டிக்காரர் விஷயத்தில் அப்படி இயல்பாக நடக்கிற நிகழ்ச்சியும் இல்லை, ஏற்றிய காரணமும் இல்லை, மரணமே ஆளாக வந்துவிட்டது. ஆகவே இரண்டும் ஒன்று என்று எழுதாதே. இன்னொன்றும் பார், அந்தக் கொடி வரப்போகிற கேட்டை முன்கூட்டியே சொல்கிறது, அதை ஆங்கில வகுப்பில் ஃபோர்ஷேடோயிங் என்பார்கள். ஒரே வரியில் இரண்டு வேலை நடக்கலாம், இதற்கு இந்த ஒரு பெயர்தான் என்று நினைக்க வேண்டாம்.

ஒலியில் இன்னும் கவனம் வேண்டும். நமக்கு மோனையில் சகரத்துக்குத் தகரமும், மகரத்துக்கு வகரமும், ஞகரத்துக்கு நகரமும் இனமாக வரும். ஆங்கில அலிட்டரேஷனில் அந்தச் சலுகை இல்லை, அதே ஒலி வர வேண்டும். அதுவும் எழுத்தைப் பார்க்கக் கூடாது, காதால் கேட்க வேண்டும். எதுகைக்கு நம் கண் அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்துக்குப் போகும், அவர்கள் ரைம் என்பது பெரும்பாலும் அடியின் கடைசியில், நம் இயைபுத் தொடை இருக்கிற இடத்தில் இருக்கும். டிக்கின்சனில் பல இடத்தில் அது பாதி ஒத்துப் பாதி ஒட்டாமல் நிற்கும், அதற்கு ஸ்லாண்ட் ரைம் என்று பெயர். தேர்வில் ரைம் என்று மட்டும் எழுதியிருக்கிறாய், அது எங்கே முழுதாகப் பொருந்துகிறது, எங்கே விலகுகிறது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

தமிழ் எங்கே துணை நிற்கும் என்றால், உவமையைக் கேள்வி கேட்பதில். தொல்காப்பியர் உவமையியலின் தொடக்கத்திலேயே வினை, பயன், மெய், உரு என்று நான்கு அடிப்படை சொல்கிறார். செயலால் ஒப்பா, பயனால் ஒப்பா, வடிவத்தால் ஒப்பா, நிறத்தால் ஒப்பா. கானாடுகாத்தான் தம்பி சொன்ன ஹார்லம் கவிதையில் இதைக் கேட்டுப் பார். கனவுக்கு வடிவமும் இல்லை, நிறமும் இல்லை. திராட்சை, புண், இறைச்சி எல்லாம் என்ன செய்கின்றன என்பதில்தான் ஒப்பு இருக்கிறது, அது வினை உவமம். சத்திமுத்தப் புலவர் நாரையின் வாயைப் பிளந்த பனங்கிழங்கு போல என்றாரே, அங்கே கண்ணால் பார்க்கிற ஒப்பு. இப்படிப் பிரித்து எழுதினால் ஆங்கிலத்தில் எழுதினாலும் விடைக்கு வலு வரும். அந்தப் பாட்டில் புலவர் நாரையைக் கூப்பிட்டுப் பேசுகிறார், பதில் சொல்லாத ஒன்றை விளித்துப் பேசுவது அப்பாஸ்ட்ரஃபி, அதை மறக்கவே மாட்டாய்.

மெட்டோனிமி, சினெக்டகி என்று இரண்டு சொல் உன் ஜெராக்ஸில் இருக்கும், பிள்ளைகள் அதைக் கண்டு பயப்படுவார்கள். ஆகுபெயர் படித்தவளுக்கு அதில் பயம் வேண்டாம். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கிறோம், தலை என்பது அங்கே குடும்பத்துக்கு ஆகி வருகிறது. உறுப்பைச் சொல்லி முழுவதைக் குறிப்பது சினையாகுபெயர், சினெக்டகியும் அந்த வழியில் போவதுதான். அமெரிக்க அதிபர் அலுவலகத்தை வெள்ளை மாளிகை சொன்னது என்கிறார்களே, அது இடவாகுபெயர் போன்றது, மெட்டோனிமி.

ஆலிகரி, அதாவது ஒன்றைச் சொல்லி இன்னொன்றை உணர்த்துவது, அதற்குக் குறளில் உதாரணம் வேண்டுமானால் 475-ஐ எடுத்துக்கொள். மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்கிறார், அரசனைப் பற்றியோ பகைவரைப் பற்றியோ ஒரு சொல் கிடையாது. பிறிது மொழிதல் அணி. ஆர்தர் மில்லர் 1953-ல் போட்ட நாடகமும் அப்படித்தான், 1692-ல் சேலம் ஊரில் நடந்த சூனியக்காரி விசாரணையை மட்டும்தான் மேடையில் காட்டுகிறார், ஆனால் பார்க்கிறவர்களுக்குத் தங்கள் காலத்துக் கம்யூனிஸ்ட் வேட்டை புரிகிறது. குறள் ஒன்றே முக்கால் அடி, அது ஒரு முழு நாடகம், அதனால் இரண்டையும் சமம் என்று எழுதாதே. சொல்லாமல் விடுவது எது என்று தேடுகிற பழக்கம் மட்டும் வரட்டும்.

கடைசியாக ஒன்று, இது எனக்கு மிகவும் பிடித்த இடம். விட்மன் 1865-ல் லிங்கனுக்காக எழுதிய இரங்கற்பா உனக்கு வரும். கப்பல் பயணம் முடிந்து துறைமுகம் வந்துவிட்டது, கரையில் மணி அடிக்கிறது, கூட்டம் ஆரவாரம் செய்கிறது, கப்பல் தலைவன் மட்டும் தளத்தில் இறந்து கிடக்கிறான். லிங்கன் என்ற பெயரே பாட்டில் இல்லை. கப்பல் நாடு, பயணம் உள்நாட்டுப் போர். தென்பகுதிப் படைத்தலைவர் லீ சரணடைந்தது ஏப்ரல் 9, லிங்கன் சுடப்பட்டது 14, இடையில் ஐந்தே நாள். அந்தத் தேதிகளை வைத்துக்கொண்டு படித்தால் மணியோசையும் பிணமும் ஏன் ஒரே வரிசையில் நிற்கின்றன என்று விளங்கும். நமக்கு இது கையறுநிலை, இறந்தவரை நினைத்து வருந்திப் பாடுவது. பாரி மகளிர் பாடிய 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்' பாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் படி. பறம்பு மலை என்று சொல்லப்படுகிற பிரான்மலை நமக்கு பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான். அற்றை இற்றை என்றும், அவ்வெண் இவ்வெண் என்றும் மட்டும் மாறி அதே நிலா திரும்ப வருகிறது, தந்தை வரவில்லை. அது கண்டிப்பாகச் சொன்னால் அனஃபோரா ஆகாது, சொல் மாறியிருக்கிறது, இணைவாக்கியம் என்று சொல்லலாம். அனஃபோராவுக்கு மார்ட்டின் லூதர் கிங் 1963-ல் வாஷிங்டனில் பேசிய கனவுப் பேச்சை எடுத்துக்கொள்.


புதுவயல் மாணவி:

வாத்தியார் ஐயா, டீச்சர், அண்ணன், எல்லோருக்கும் நன்றி. நேற்றும் இன்றைக்கும் இதையே திரும்பத் திரும்பப் படித்தேன். ஜெராக்ஸை அப்பா பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன், தேர்வுக்கு முந்தின வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா சொன்னபடி டிக்கின்சன் கவிதையை முழுக்கத் தமிழில் எழுதினேன், எனக்குப் புரிந்த மாதிரி. அப்புறம் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அதை அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கதை சொன்னால் உன்னிப்பாகக் கேட்கும். வண்டி நின்றது, மரணம் மரியாதையாக ஏற்றிக்கொண்டது, பள்ளிக்கூடம், வயல், சூரியன், மண்மேடு மாதிரி வீடு என்று சொல்லி முடித்தேன். முடித்ததும் அப்பத்தா கேட்டது: "வண்டியில இன்னொரு ஆளு இருந்துச்சுன்னு சொன்னியே, அது ஒண்ணுமே பேசலையே, அது யாரு?"

நான் திரும்ப எடுத்துப் பார்த்தேன். முதல் பத்தியிலேயே இருக்கிறது. வண்டியில் நாங்கள் இருவரும் அமரத்துவமும் மட்டும் என்று எழுதியிருக்கிறாள். நானே தமிழில் எழுதி, நானே வாய்விட்டுப் படித்து, அந்த மூன்றாவது ஆளைக் கவனிக்கவில்லை. அது எங்கேயும் இறங்கினதாகவும் இல்லை. மரணம் கூட்டிக்கொண்டு போகிறது, ஆனால் கூடவே சாகாத ஒன்று பேசாமல் உட்கார்ந்து வருகிறது. இது சரியா ஐயா? அதுவும் பெர்சானிஃபிகேஷன் என்று எழுதலாமா? மரணம் வண்டி ஓட்டுகிறது, இது ஒன்றும் செய்யவில்லையே, உட்கார்ந்திருந்தால் மட்டும் போதுமா என்று சந்தேகமாக இருக்கிறது.

டீச்சர், தற்குறிப்பேற்றம் பற்றி நீங்கள் சொன்னது இப்போதுதான் விளங்குகிறது. அந்தக் கவிதையில் வயல் உற்றுப் பார்க்கிறது என்று ஒரு வரி இருக்கிறது. கதிர் தலை சாய்ந்து நிற்பது இயல்பு, அவள் போவதை அது பார்க்கிறது என்பது அவள் ஏற்றியது. இது கொஞ்சம் கொடி மாதிரி இருக்கிறது, வண்டிக்காரர் மாதிரி இல்லை. சரியாகச் சொல்கிறேனா?


தமிழாசிரியை, காரைக்குடி:

நன்றாகப் பார்த்திருக்கிறாய் அம்மா. கொடியை அப்படியே கொண்டுவந்து வைக்க முடியாது, ஏன் பார்க்கிறது என்று அவள் காரணம் சொல்லவில்லை. ஆனால் மரணத்தைவிட வயல் கொடிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது சரி. ஆங்கில விடையில் இரண்டையும் பெர்சானிஃபிகேஷன் என்றே எழுது, இரண்டும் ஒரே அளவில் இல்லை என்று சேர்த்துக்கொள்.


தேவகோட்டை வாத்தியார்:

ஆத்தா, உன் அப்பத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அந்த மூன்றாவது இருக்கையில் நானே பல வருடம் நிற்காமல் கடந்து போயிருக்கிறேன்.

எழுதலாம். வண்டியில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டால் அது ஆளாகிவிட்டது, அந்த ஒரு வினை போதும். ஆனால் நீ கேட்ட சந்தேகத்தையும் விடைத்தாளில் எழுது. மரணத்துக்கு நடத்தை கொடுத்தவள், அமரத்துவத்துக்கு இடம் மட்டும் கொடுத்துப் பேச்சே கொடுக்கவில்லை, ஏன் என்று ஒரு வாக்கியம். கடைசிப் பத்தியில் குதிரைகளின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று பார்த்துவிட்டு எழுது, உனக்குப் பதில் அங்கே கிடைக்கும்.

அடுத்தது விட்மன் பாட்டு. தமிழில் எழுதி முடித்ததும் அதையும் அப்பத்தாவிடம் படித்துக் காட்டு. கரையில் மணி அடிக்கிற இடத்தில் என்ன சொன்னார்கள் என்று இங்கே வந்து எழுது, நான் காத்திருக்கிறேன்.